திவ்யாவின் ஃபீல்டு ஒர்க்கும் அவள் அம்மாவின் ரசமும்

1

சென்ற வியாழக்கிழமை எங்கள் ஆதரவுக் கூட்டத்தில், இப்போது எப்படி இருக்கிறோம் என்று ஆளுக்கொரு வார்த்தையில் சொல்லச் சொன்னார்கள். மாதம் ஒரு முறை நடக்கும் கூட்டம் அது. சமூகப் பணி படிக்கும் மாணவர்களைக் களப்பயிற்சியில் வைத்துக்கொண்டு மேய்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் யாராவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குத் தோன்றி, ஓர் அறையும் ஒரு தட்டு பிஸ்கட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் ஆள் "களைப்பு" என்றார். அடுத்தவர் "கொஞ்சம் களைப்பு" என்றார். மூன்றாவது நான். வேறு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. நானும் அதையே சொன்னேன். கூட்டத்தை நடத்தும் மார்கரெட் அந்த வார்த்தையைப் பலகையில் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது.

என் களைப்புக்குப் பின்னால் இருந்ததை அந்த அறையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் அதை எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உங்களிடம் சொன்னால் பாதி விஷயத்தை விளக்க வேண்டியிருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை ஊர் என்பதற்கு மேல் ஊரைப் பற்றித் தெரிய வேண்டியதும் இல்லை.

நான் மயிலாப்பூர்ப் பெண். இங்கே வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. முதியவர்களுக்கான சமூகப் பணியாளர் வேலை. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்களால் குளிக்க முடிகிறதா, சமைக்க முடிகிறதா, கூட இருப்பவர்கள் ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்து, என்ன உதவி வேண்டும் என்று எழுத வேண்டும். ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு இதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. அவள் எல்லோரிடமும் நான் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் விட்டுவிட்டேன்.

2

இங்கே ஒரு மாணவரை மேற்பார்வை பார்ப்பதற்கே தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

சென்னையில் நான் படித்த காலத்தில் ஃபீல்டு ஒர்க் நொச்சிக்குப்பத்தில். எங்களை மேற்பார்வை பார்த்த சார் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தார். அவருக்கு அவர் வேலையே தலைக்கு மேல் இருந்தது. மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் எங்கள் ரிப்போர்ட்டுகளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மீனவர் சங்கத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பார். ரோட்டோரம் மீன் விற்கிற பெண்கள் எங்களுக்காக அவரிடம் வாதாடுவார்கள். "பாவம் சார், வெயில்ல அலைஞ்சிகினு கீதுங்க. நல்ல மார்க்கா போடு சார்." அவரும் போட்டார். ஃபீல்டு ஒர்க்கில் ஃபெயிலான ஒருவரை நான் அந்தக் காலேஜில் பார்த்ததே இல்லை. பொல்லாத மனுஷர் என்று பேர் வாங்கிய ஒரு மேற்பார்வையாளர்கூட மார்க்கைக் குறைப்பார், அவ்வளவுதான்.

இங்கே பயிற்சி மூன்று நாள் நடந்தது. முதல் இரண்டு நாள் எப்படிக் கற்றுக்கொடுப்பது, எப்படிக் கவனிப்பது, எப்படி எழுதுவது. மூன்றாவது நாள் முழுக்க ஒரு மாணவரிடம் "நீ தேறவில்லை" என்று சொல்வது எப்படி என்பதற்கே போயிற்று. பயிற்சி கொடுத்த பெண்மணி தேறாத மாணவியாக நடித்தார். என்னை எதிரே உட்கார வைத்தார்கள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாரோ இல்லையோ, நான் பதறிப்போய், "அழாதே, ஒன்றும் ஆகாது, பாஸ் போட்டுவிடுகிறேன்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. அவர் பொய்க் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இப்போது யாருடைய கஷ்டம் தீர்ந்தது?" என்று என்னைக் கேட்டார்.

நானும் சிரித்துச் சமாளித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் வருஷம் ஒருவராக மாணவர்கள் வந்தார்கள். என் அதிர்ஷ்டம், எல்லோரும் தேறினார்கள்.

3

திவ்யா போன குளிர்காலத்தில் வந்தாள். முதல் சந்திப்பிலேயே, "நம்ம ஊரா? எந்த ஏரியா?" என்று கேட்டுவிட்டேன். தி. நகர். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் அப்பாவுக்கு லைனிங் துணியும் புடவை ஃபால்ஸும் விற்கிற கடை. "நீங்க மேடம்?" என்றாள். நான் தெருப்பேர் முதற்கொண்டு சொன்னேன். மாணவர்களிடம் சொந்த விஷயம் அளவோடு பேச வேண்டும் என்று இங்கே விதி. சென்னைக்காரர்கள் இரண்டு பேர் அந்நிய ஊரில் சந்தித்து ஏரியாவைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியுமா? விதி எழுதியவர்களுக்கு அது தெரியாது. என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். அவளால் முடியவில்லை. "ரேணு மேடம்" என்றாள். அதுவே கடைசிவரை நிலைத்தது.

நல்ல பெண். வயதானவர்களுக்கு அவளை உடனே பிடித்துப்போகும். மெதுவாகப் பேசுவாள், பொறுமையாகக் கேட்பாள். மிஸ்டர் ஹாரிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், மனைவியை இழந்து தனியாக இருந்த ஒருவர். அவரை வாரா வாரம் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று எழுதினாள். ஒரு நாள் அவர் சமையலறையில் விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். அந்த வீட்டில் தேயிலையும் பிஸ்கட்டும் தவிர எதுவும் இல்லை. ரொம்ப நாளாகவே இல்லை.

"நல்லா சாப்பிடறார்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று திவ்யாவைக் கேட்டேன்.

"கேட்டேன் மேடம். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். உள்ள நுழையும்போதே சாப்டீங்களான்னு கேட்டேன். ஆச்சுன்னுதான் சொன்னார்."

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது. என் கூட வேலை செய்கிற வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. நம் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி அது. ஆச்சு என்பதுதான் அதற்குப் பதில். இல்லை என்று சொன்னால் சோறு போடு என்று கேட்டதாகிவிடும், அதனால் பட்டினி கிடப்பவனும் ஆச்சு என்றுதான் சொல்வான். திவ்யா நம் ஊர் விசாரிப்பை இங்கிலீஷில் கேட்டு, அந்தக் கிழவர் மரியாதைக்குச் சொன்ன பதிலை ஃபைலில் எழுதி வைத்திருக்கிறாள். சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பிறத்தியார் வீட்டு அலமாரியைத் திறக்கக் கூச்சமாக இருந்தது என்றாள்.

அன்று சாப்பிடும்போது பெயர் சொல்லாமல் இதை என் மகனிடம் சொன்னேன். அவனுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "நீயும் அதைத்தானே செய்கிறாய்? சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாய்" என்றான். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இப்போதெல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறான்.

பாதிக்கால மதிப்பீட்டில், இப்படியே போனால் திவ்யா தேறமாட்டாள் என்று எழுதினேன். என்னென்ன மாற வேண்டும் என்றும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வீட்ல சொல்லிடாதீங்க மேடம்" என்றாள்.

"உங்க வீட்டுக்கு நான் எப்படிம்மா சொல்லுவேன்?" என்றேன்.

4

அப்பாவின் முதல் வருஷ திவசத்துக்காகச் சென்னை போனேன். பெரியப்பா பையன் நடத்திக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். அப்பா போனதிலிருந்து அம்மா மயிலாப்பூர் ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாள். என்னோடு வரமாட்டேன் என்று பிடிவாதம். நான் தினமும் ஃபோன் செய்வேன்.

வாசல் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவரை எனக்குத் தெரியாது. முந்தானையை இடுப்பில் செருகி, கையில் கரண்டியோடு நின்றார்.

"வாங்க மேடம். ஃபிளைட்டு லேட்டா? மாமி காலைலேர்ந்து வாசலயே பாத்துகினு கீறாங்க. நான் திவ்யா அம்மா, வசந்தா."

பெட்டியின் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வந்தது நன்றி அல்ல, மாணவர் வீட்டாரிடமிருந்து எதுவும் பெறக் கூடாது என்ற எங்கள் ஆபீஸ் விதிமுறைதான். உள்ளே அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வீடியோவில் பார்த்ததைவிட முகத்தில் சதை கூடியிருந்தது.

"வாடி. கால் அலம்பிண்டு வா. வசந்தா ரசம் வெச்சிருக்கா, சூடா இருக்கு" என்றாள் அம்மா, பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்வதுபோல.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. மேடம் மயிலாப்பூர்க்காரர், இன்ன தெரு என்று திவ்யா எப்போதோ அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். வசந்தாவுக்கு அது போதும். தெருமுனைப் பூக்காரியிடம் "லண்டன்ல பொண்ணு கீற மாமி வூடு எது" என்று கேட்டு, பழத்தோடு வந்துவிட்டார். இதெல்லாம் நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சிபாரிசுக்குத்தான் வந்தேன் மேடம், பொய் சொல்லமாட்டேன்" என்றார் வசந்தா. "நம்ம ஊர் பொண்ணு, கொஞ்சம் பாத்துக்கோன்னு மாமி வாயால ஒரு வார்த்த சொல்லச் சொல்லலாம்னு. திராட்ச கொண்டாந்தேன். ஃபிரிட்ஜில வெக்கலாம்னு தொறந்தா உள்ள இன்னா கீது? ஒண்ணியும் இல்ல. ஒரு சொம்பு மோரு, கண்ணுக்கு உட்ற மருந்து. மாமி, இன்னாதான் துன்றீங்கன்னு கேட்டா பிஸ்கோத்துன்றாங்க. எனக்கு வந்த விஷயமே மறந்துபூட்ச்சு."

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்கு வருகிற சாக்கில் வீட்டுக்கு வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். தி. நகரிலிருந்து கேரியரில் கொண்டுவந்தால் சுலபம். "எங்க வூட்ல கவுச்சி பொழங்கும். அதான் மாமி அடுப்புல, மாமி பாத்திரத்துலயே வெச்சிட்டுப் போறேன்" என்றார்.

"வெங்காயம்கூடப் போடறதில்லை. நான் சொல்லவே இல்லை, அவளாத்தான்" என்று அம்மா சான்றிதழ் கொடுத்தாள்.

வசந்தா போன பிறகு அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? உங்கப்பா போனப்புறம் ஒருத்திக்குன்னு அடுப்பை மூட்டவே தோணலை. அவ்வளவுதான்."

"நான் தினம் சாப்ட்டாச்சான்னு கேட்டேனே. ஆச்சுன்னியே."

"பின்ன என்னடி சொல்லுவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது, எங்காவது போய் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. திவசத்துக்குச் சமையல்காரர் பாத்திரங்களோடு வந்து நின்றதால் அதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

5

கிளம்புவதற்கு முன்தினம் வெள்ளிக்கிழமை. வசந்தா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டார். "எம் பொண்ணு எப்பிடி கீறா மேடம்?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. அங்க சட்டம் அப்படி. அவகிட்டயே கேளுங்க."

"பெத்தவகிட்டகூடவா?"

"ஆமாங்க."

"அவள கேட்டா நல்லாகீறேம்மான்றா. ஃபோன வெச்சப்புறம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுது."

அந்தச் சமையலறையில் நின்று, அந்தப் பெண்மணி என் அம்மாவுக்காகக் கரைத்து வைத்த புளியைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் எத்தனையோ கஷ்டமான வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இதுபோல் எங்கும் நின்றதில்லை.

"சரி விடுங்க, உங்க ரூலு உங்களுக்கு" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு புடவைப் பெட்டியை எடுத்து நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாங்கக் கூடாது என்று எவ்வளவோ விளக்கினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"ஆத்துக்கு வந்தவ ஆசையாக் குடுத்ததை வாங்கிக்காம, இது என்ன படிப்பு, என்ன உத்தியோகம்?" என்று அம்மா அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அடையாறுக்குப் போய் என்னோடு படித்த கல்பனாவைப் பார்த்தேன். அவளும் இதே வேலைதான், சென்னையிலேயே. ஒரே நேரத்தில் ஏழெட்டு மாணவர்கள், அவளுடைய சொந்தக் கேஸ்கள் தனி. காலேஜிலிருந்து வருஷம் ஒரு தடவை கூப்பிட்டு ஒரு சால்வையும் ஒரு பேனாவும் கொடுப்பார்கள். அவளுக்குக் கிடைத்த பயிற்சியும் ஆதரவும் அதுதான். என் மூன்று நாள் பயிற்சியைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஒரு கோர்ஸாடி?" என்றாள். திவ்யா விஷயத்தைப் பெயரில்லாமல் சொன்னேன்.

"இதுல என்ன யோசனை? பாஸ் போட்டுட்டு நிம்மதியா இரு. வேலைக்குப் போனா தானா கத்துக்கும்" என்றாள்.

"கத்துக்கலேன்னா?"

"அது அவளை வேலைக்கு வெச்சிக்கறவங்க தலைவலி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

6

இங்கே திரும்பியதும் முதல் வேலையாக, பல்கலைக்கழகத்தில் எங்கள் களப்பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கும் மார்கரெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று புரிந்துகொள்ள. மாணவியின் தாய் உங்கள் தாய்க்கு உணவு விநியோகம் செய்கிறாரா? இல்லை, எங்கள் வீட்டில் வந்து சமைக்கிறார். சம்பளத்துக்கா? இல்லை. உறவினரா? இல்லை. அப்படியென்றால் உங்களுக்குள் என்ன உறவு என்று பதிவு செய்வது? எனக்கும் தெரியவில்லை. கடைசியில் "குடும்ப நண்பர்" என்று போட்டுக்கொண்டார்.

"அவரை நிறுத்தச் சொல்ல முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொல்லலாம். அம்மா மறுபடியும் பிஸ்கட்டுக்குப் போய்விடுவாள்" என்றேன். அவர் அதற்கப்புறம் அதைக் கேட்கவில்லை.

நடுநிலைக்காக இயன் என்ற இன்னொரு மேற்பார்வையாளரையும் சேர்த்தார்கள். திவ்யாவின் எழுத்து வேலைகளை எல்லாம் படித்துவிட்டு, இரண்டு பக்கமும் சொல்லலாம், உங்களுக்குத்தான் அவளை நன்றாகத் தெரியும், நீங்கள் எப்படி முடிவெடுத்தாலும் நான் கூட இருக்கிறேன் என்றார். இந்த நாட்டில் ஆதரவு என்றால் பெரும்பாலும் இதுதான். கூட இருப்பார்கள், முடிவு மட்டும் உன்னுடையது.

தன் அம்மா மயிலாப்பூருக்குப் போய்வருவது திவ்யாவுக்கே தெரியாது. நான் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த வாரங்களில் அவள் உழைத்த உழைப்பையும் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் சமையலறைக்குள் போனாள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, யார் சமைத்தது என்று கேட்டு எழுதினாள். தேறிவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. மனசுக்குள் ஒரு சுமை இறங்க ஆரம்பித்தது.

பயிற்சி முடிவதற்குச் சில நாள் முன்னால், அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காக அவளோடு ஒரு வீட்டுக்குப் போனேன். மறதி நோய் வந்த ஒரு தாய், பேக்கரியில் வேலை செய்யும் மகன். திவ்யா அங்கே பல தடவை போயிருந்தாள். சமையலறை சுத்தம், சாப்பாடு இருந்தது. மாடிக்குப் போனோம். அந்த அம்மாளின் அறைக் கதவில், வெளிப்பக்கம், புதுத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது.

நான் மகனைப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போவேன், இல்லாவிட்டால் ரோட்டுக்குப் போய்விடுகிறாள், திவ்யாவுக்குத் தெரியுமே என்றார். திவ்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் ஏறியதும் கேட்டேன். இரண்டாவது தடவை போனபோதே பார்த்திருக்கிறாள்.

"எழுதாதேன்னு கெஞ்சினார் மேடம். எழுதினா அம்மாவ ஹோமுக்குத் தூக்கினு போயிடுவாங்கன்னு அழுதுட்டார். பாவமா இருந்தது."

"எழுதியிருந்தா பகல்ல கூட இருக்க ஒரு ஆளை அனுப்பியிருப்போம், திவ்யா. அந்த வீட்ல தீப்பிடிச்சா அந்த அம்மா எப்படி வெளிய வருவாங்க?"

அன்றே ஏற்பாடு செய்தோம். மறுநாளிலிருந்து ஓர் ஆள் போகிறார். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள்.

நான் எழுத வேண்டியதை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். திவ்யா தேறாவிட்டால் இன்னொரு பருவம் இங்கே இருந்து திரும்பச் செய்ய வேண்டும், விசாவுக்கு மறுபடி அலைய வேண்டும், கிடைக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அது ஒரு பக்கம். செவ்வாயும் வெள்ளியும் அம்மா சாப்பிடுகிற ரசம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம். ஆனால் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்துக்கு வந்து நின்றேன். அந்த மகன் அழுததற்காக திவ்யா எழுதாமல் விட்டாள். இவள் அழுவாள் என்பதற்காக நான் எழுதாமல் விட்டால் நான் மட்டும் என்ன செய்தவள் ஆவேன்? நாளைக்கு இவள் தனியாகப் போகப்போகிற வீடுகளில் இருப்பவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருக்கு அம்மாவும் அப்பாவும்தான்.

தேறவில்லை என்று எழுதினேன். இயனும் கையெழுத்துப் போட்டார்.

7

போன புதன்கிழமை காலையில் திவ்யாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எல்லாம் சரியான வாக்கியங்கள்தான், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தவை. பாதியில் அவள் கையை உயர்த்தினாள்.

"மேடம், தமிழ்ல சொல்லுங்க. இங்கிலீஷ்ல சொன்னா எனக்கு எதுவும் மண்டைல ஏறலை."

தமிழில் சொன்னேன். மிஸ்டர் ஹாரிஸ் விஷயத்தில் நீ கற்றுக்கொண்டாய், தாழ்ப்பாளை நீ மறைத்தது வேறு, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை, இலையுதிர்காலத்தில் வேறொருவரிடம் திரும்பச் செய்யலாம், நீ நன்றாக வருவாய் என்று நான் நம்புகிறேன் என்றெல்லாம் சொன்னேன். தமிழில் சொன்னபோது ஒவ்வொன்றும் இன்னும் கடுமையாக இருந்தது. அவள் அழுதாள். நான் அழாதே என்று சொல்லவில்லை. டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது கதவருகில் நின்றாள். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன் மேடம். நீங்க எதுவும் சொல்லவேணாம்."

"நான் சொல்லமாட்டேன், திவ்யா."

அதற்கு மறுநாள்தான் அந்த ஒரு வார்த்தைக் கூட்டம்.

வீட்டுக்கு வந்து, மயிலாப்பூரில் வீட்டுக்கே சாப்பாடு அனுப்புகிற மெஸ் எது என்று இணையத்தில் தேடி, வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி ஏற்பாடு செய்தேன். அம்மாவுக்கு மெஸ் சாப்பாடு ஆகாது, இரண்டு நாளில் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். இருந்தாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இங்கே காலை. அங்கே சாப்பாட்டு வேளை. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஃபோன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்தது.

"அலோ" என்றது வசந்தாவின் குரல்.

"நீங்களா?" என்றேன்.

"நான்தான். இன்னிக்கு வெள்ளிக்கெழம இல்ல? இன்னாமோ மெஸ்ஸுலேர்ந்து எத்துனு வந்தான், வேணாம்னு அனுப்பிட்டேன்." பின்னால் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "திவ்யா எல்லாத்தியும் சொல்லிச்சு. அந்தத் தாப்பா விஷயத்தயும் சொல்லிச்சு. ரெண்டு பேரும் அழுதோம்."

"வசந்தா, நான்..."

"இருங்க மேடம். நான் சொல்லிடறேன். உங்க மேல கோவமாதான் கீறேன். மனசுல ஒண்ண வெச்சிகினு சிரிச்சுப் பேச எனக்கு வராது."

"சரிங்க" என்றேன்.

"மாமி இப்பத்தான் தட்டுல ஒக்காந்தாங்க. நடுவுல பேசினா எழுந்துருவாங்க, அப்புறம் துன்ன மாட்டாங்க. முடிக்கட்டும். அர மணி கழிச்சுப் பண்ணுங்க."

ஃபோனை வைத்துவிட்டார்.